மாத்திரை இலவசம், அரை நாள் கூலி?

சில வாரங்களாக ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. விலையும் பெரிதாக இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்குப் போனால் காசே கிடையாது. அப்படியிருந்தும் ஏழை மக்களில் இத்தனை பேர் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்? அவர்கள் தொடர்ந்து சாப்பிட எது உண்மையிலேயே உதவியிருக்கிறது? படித்ததை எனக்காகவும் உங்களுக்காகவும் இங்கே தொகுத்து வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மாத்திரை பற்றிய முடிவு எதுவானாலும் உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பிரச்சினை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கணக்குப்படி, 30 முதல் 79 வயதுக்குள் இருப்பவர்களில் சுமார் 128 கோடி பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அதில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 21 சதவீதம்தான். கட்டுக்குள் என்றால் 140/90க்குக் கீழே. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த கணக்கெடுப்பில் அந்த எண் இன்னும் மோசம்: 7.3 சதவீதம். பி.பி. உள்ள நூறு பேரை வரிசையில் நிற்க வைத்தால் ஏழு பேருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது.

இது வெறும் எண் இல்லை. 2016இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, பி.பி.யின் மேல் அளவு 10 குறைந்தாலே பக்கவாதம் வரும் வாய்ப்பு கால் பங்குக்கு மேல் குறைகிறது. தினக்கூலிக் குடும்பத்தில் சம்பாதிக்கிறவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டால், அடுத்த நாளே வருமானம் நிற்கும். பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேலையை விட வேண்டும். பிள்ளையின் படிப்பு வரைக்கும் அது போகும். ஒரு சின்ன மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

மறந்துபோகிறார்களா, நிறுத்திவிடுகிறார்களா?

"அவங்க ஒழுங்கா போட மாட்டாங்க சார், மறந்துடுவாங்க." இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் படிக்க உட்கார்ந்தேன்.

2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. மூடியில் மின்னணுச் சில்லு வைத்த மாத்திரை டப்பாக்களைக் கொடுத்து, மூடியை எப்போது திறக்கிறார்கள் என்று பதிவு செய்த பழைய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 4,783 நோயாளிகள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வந்தவர்கள்கூட எந்த ஒரு நாளிலும் சுமார் பத்தில் ஒரு வேளையைத் தவறவிட்டிருக்கிறார்கள். அது மறதி. ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள்.

இந்த வித்தியாசம் முக்கியம். மறதிதான் பிரச்சினை என்றால் அலாரம் வைத்தால் போதும், செல்போனில் செய்தி அனுப்பினால் போதும். தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனில் அதைச் செய்தே பார்த்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார மையத்துக்கு வரும் 1,372 பேரைப் பிரித்து, இரண்டு குழுக்களுக்கு ஒரு வருடம் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. செய்தி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் மேல் அளவு சுமார் 2 புள்ளிதான் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

மறந்தவருக்கு நினைவூட்டலாம். நிறுத்தியவருக்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்க வேண்டும்.

இலவச மாத்திரைக்கு ஆகும் செலவு

எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்காவிடம் கேட்டேன். அவருக்கு நாலு வருடமாக பி.பி. நடுநடுவே மாத்திரையை விட்டுவிடுவார்.

"மாத்திரைக்கு ஒரு பைசா கேக்கல தம்பி. பஸ்ஸும் பொம்பளைங்களுக்கு ஓசிதான். ஆனா காலையில போனா திரும்பி வர மணி பன்னெண்டு ஆயிடுது. விடிகாலையில கோயம்பேடு போயி வாங்கினு வந்த பூவு அதுக்குள்ள வாடிடும்ல? அன்னிக்கு யாவாரம் போச்சு. போட்ட மொதலும் போச்சு."

இதுதான் கணக்கு. மாதத்துக்கு ஒரு நாள் டோக்கன் வரிசை, ஓ.பி. சீட்டு வரிசை, பி.பி. பார்க்கிற வரிசை, மருந்து வாங்குகிற வரிசை. மாதச் சம்பளக்காரருக்கு அது அரை நாள் பர்மிஷன். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி மொத்தமும் போய்விடும், ஏனென்றால் காலை எட்டு மணிக்கு சைட்டில் இல்லையென்றால் அன்று வேலையே இல்லை. எதிர்ப்பக்கத் தட்டில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. பி.பி.க்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் இன்றைக்கு உடம்பு ஒரே மாதிரிதான் இருக்கும். இன்று தெரிகிற நஷ்டத்தையும் பத்து வருடம் கழித்து வரலாம் என்கிற ஆபத்தையும் ஒருவர் எடைபோட்டுப் பார்த்தால், அவர் எடுக்கிற முடிவைப் பொறுப்பில்லாதது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா இன்னொன்றும் சொன்னார். "ரெண்டு மாசம் விட்டுட்டுப் போனா, 'இத்தினி நாளு எங்க போன'ன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போடுவாங்க. அதுக்குப் பயந்துக்கினே இன்னும் ரெண்டு மாசம் போகல." திரும்பி வருகிறவருக்குத் திட்டு கிடைத்தால், அடுத்த முறை அவர் திரும்பி வரமாட்டார். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதைத் தலைகீழாகச் செய்ய முயன்றார்கள். 'சிம்பிள்' என்ற செயலியில் தேதி தவறியவர்களின் பட்டியல் தானாக வரும். செவிலியர் அதைப் பார்த்து அவர்களுக்குப் போன் செய்து கூப்பிடுவார். வராதவரைத் தேடுவது மையத்தின் வேலை ஆகிவிடுகிறது.

கேட்டால்தான் தெரியும் காரணங்கள்

கூலியும் வரிசையும் போக, மாத்திரையோடேயே வருகிற சில தடைகள் இருக்கின்றன. இவற்றை மருத்துவரிடம் யாரும் தானாகச் சொல்வதில்லை.

நீர் மாத்திரை ஒன்று. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை. பி.பி.க்கு நல்ல மருந்துகள். ஆனால் ஆரம்பத்தில் அடிக்கடி சிறுநீர் போக வைக்கும். கழிப்பறை இல்லாத இடத்தில் நாள் முழுக்க வேலை செய்கிற பெண் என்ன செய்வார்? வேலை நாளில் அதைப் போடமாட்டார். அவருக்குத் தேவை அறிவுரை இல்லை, வேறு மாத்திரையோ வேறு நேரமோதான்.

அம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கால் வீங்கும். எனலாப்ரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல் விடாது. இரண்டுக்கும் மாற்று உண்டு. ஆனால் "இந்த மாத்திரையாலதான் கால் வீங்குது" என்று நோயாளி கண்டுபிடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று எழுதித் தருவது இன்னொன்று. காலையில் டீயோடு வேலைக்குக் கிளம்புகிறவர், சாப்பிடவில்லையே என்று மாத்திரையையும் விட்டுவிடுவார். அம்லோடிபினைச் சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். இந்த ஒரு வரியை யாராவது சொன்னாலே சிலருக்கு மாத்திரை தவறாது.

மாத்திரையின் நிறமும் வடிவமும்கூட விஷயம்தான். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வேறு நிறத்தில் வந்தபோது நிறுத்துவது 34 சதவீதம் கூடியது. வடிவம் மாறியபோது 66 சதவீதம். நம் அரசு மருத்துவமனைகளுக்கு டெண்டர் மூலம்தான் மருந்து வாங்குகிறார்கள். டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், அட்டையும் மாறும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர் மாத்திரையை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருப்பார். "இதுவும் அதே மாத்திரைதாம்மா, கலர் மட்டும் வேற" என்று கவுண்டரில் சொல்ல பத்து விநாடி ஆகும்.

கடைசியாக, எல்லோரும் சொல்கிற காரணம்: "பி.பி. நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்." இதில் தப்பான தர்க்கம் எதுவும் இல்லை. காய்ச்சல் போனால் காய்ச்சல் மாத்திரையை நிறுத்துகிறோம் அல்லவா? பி.பி. மாத்திரை அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, நோயைப் போக்கவில்லை என்பதை யாராவது விளக்கியிருக்க வேண்டும். அம்லோடிபினின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது, மறுநாள் வழக்கம்போலத் தொடரலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. அப்படியே விட்டுவிட்டால், சில நாட்களில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். அழுத்தம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறிவிடும். ஏறுவது தெரியவும் தெரியாது. அட்டெனலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதே இதயத்துக்கு ஆபத்து.

முடிதிருத்தும் கடையில் மருந்து

சரி, எது வேலை செய்திருக்கிறது? நான் படித்ததிலேயே ஆச்சரியப்பட வைத்தது லாஸ் ஏஞ்சலஸில் நடந்த ஆய்வு. அங்கே கறுப்பின ஆண்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் அதனால் வரும் மரணமும் அதிகம். மருத்துவமனைகள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் முடிதிருத்தும் கடைக்குத் தவறாமல் போவார்கள், வருடக்கணக்காக அதே கடைக்காரரிடம்.

52 கடைகள், 319 வாடிக்கையாளர்கள். பாதிக் கடைகளில் கடைக்காரர் பி.பி. பற்றிப் பேசி, உணவை மாற்றச் சொல்லி, டாக்டரைப் பார்க்கும்படி ஊக்கப்படுத்தினார். மீதிக் கடைகளுக்குப் பயிற்சி பெற்ற ஃபார்மசிஸ்ட் நேரடியாக வந்தார். அங்கேயே பி.பி. பார்த்து, நோயாளியின் மருத்துவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அங்கேயே மருந்து எழுதினார், அளவைக் கூட்டினார்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு மட்டும் நடந்த கடைகளில் மேல் அளவு சராசரியாக 9.3 புள்ளி குறைந்திருந்தது. ஃபார்மசிஸ்ட் வந்த கடைகளில் 27. இரண்டு பக்கமும் அதே மாதிரி ஆட்கள், அதே மாதிரி கடைகள், அதே மாதிரி நம்பிக்கையான கடைக்காரர்கள். "டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று அனுப்பியதற்கும், மருந்து அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கே வந்ததற்கும் உள்ள வித்தியாசம் அது.

மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. இலங்கையில் 700 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏழைகளுக்கான சுகாதார மையம் ஒன்றில் 303 பேரிடம் இப்படிப்பட்ட கூட்டு மாத்திரையைச் சோதித்தார்கள். நான்கில் மூன்று பேரின் வருட வருமானம் 15,000 டாலருக்கும் கீழே. ஒரு வருடம் கழித்தும் 86 சதவீத மாத்திரைகள் சரியாக உள்ளே போயிருந்தன. ஏழைகள் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள் என்கிற பேச்சுக்கு இந்த ஓர் எண் போதும்.

வாசலுக்கு வரும் மாத்திரை

வீட்டுக்கே போவது நமக்குப் புதிதல்ல. சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் 1990களிலேயே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில் இதைச் செய்து காட்டினார். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க வைத்தார். கொடுத்ததெல்லாம் ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி மிக மலிவான பழைய மருந்துகள். சிறுநீரகம் கெட்ட பிறகு டயாலிசிஸ் செய்ய இந்த நாட்டில் எல்லோருக்கும் வசதி கிடையாது, அதனால் கெடாமல் பார்ப்பதுதான் நம்மால் முடிகிற வைத்தியம் என்பது அவர் வாதம்.

பிறகு பெரிய ஆய்வுகளும் வந்தன. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறப் பகுதிகளில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அரசு சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் பி.பி. பார்த்து, பேசி, அதிகமாக இருந்தவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் மேல் அளவு மற்ற பகுதிகளைவிட சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 2019இல் முடிந்த ஹோப்-4 ஆய்வில் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: மருந்து இலவசம், அதோடு நோயாளியே தேர்ந்தெடுத்த ஓர் உறவினரோ நண்பரோ துணைக்கு. அங்கே வித்தியாசம் 11 புள்ளிக்கு மேல்.

தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த வரிசையில்தான் வருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து பி.பி., சர்க்கரை பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. அடுத்த கணக்கெடுப்பில், பி.பி. கட்டுக்குள் இருப்பவர்கள் 7.3இலிருந்து 17 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். முழுப் பெருமையும் இந்தத் திட்டத்துக்குத்தானா என்று இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கத் திட்டம் இல்லாத இன்னொரு தமிழ்நாடு இல்லையே. ஆனால் திசை சரியாக இருக்கிறது.

அதே எண்ணைத் திருப்பியும் படிக்க வேண்டும். நூற்றில் 83 பேருக்கு இன்னும் கட்டுக்குள் இல்லை. மாத்திரை வாசலுக்கு வந்த பிறகும் ஒரு தூரம் மிச்சமிருக்கிறது. வாசலில் நிற்கும் தன்னார்வலர் 160 என்று பார்க்கிறார், நோட்டில் எழுதுகிறார், அதே மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அளவைக் கூட்டவோ இன்னொரு மருந்தைச் சேர்க்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்கு நோயாளி மறுபடியும் அந்த வரிசைக்குத்தான் போக வேண்டும். போகவில்லை என்றால், தவறாமல் மாத்திரை போட்டும் பி.பி. குறையாத ஒருவராக அவர் இருப்பார். முடிதிருத்தும் கடை ஆய்வில் 27 புள்ளி குறைந்ததற்கு இதுவும் காரணம்: வந்தவருக்கே மருந்தை மாற்றும் அனுமதி இருந்தது. தன்னார்வலர் ஒரு போன் அடித்தால் மறுமுனையில் டாக்டர் மருந்தை மாற்றித் தருகிற ஏற்பாடு எல்லா ஊரிலும் உறுதியாக இருந்தால், அந்த மிச்ச தூரமும் குறையும். ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிற அந்தப் பெண்கள் வேலையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான். அவர்கள் நின்றால் மாத்திரையும் நிற்கும்.

நாம் செய்யக்கூடியது

இது முழுக்க அரசு செய்ய வேண்டிய வேலை என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. நம் வீட்டில் வேலை செய்கிற அக்கா, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன், ஊரில் தனியாக இருக்கிற பெரியம்மா என்று நம்மைச் சுற்றியே இவர்கள் இருக்கிறார்கள்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிப் பாருங்கள். "மாத்திரை எங்க வாங்குறீங்க? போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆவுது? இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கு? போட்டா ஏதாச்சும் பண்ணுதா?" இந்த நாலு கேள்விக்கு வருகிற பதிலில் காரணம் இருக்கும்.

நீங்கள் சம்பளம் கொடுப்பவர் என்றால், மாத்திரை வாங்கப் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். "லீவு எடுத்துக்கோங்க" என்று வாயால் சொல்வது வேறு, காசு பிடிக்காமல் இருப்பது வேறு. அவருடைய ஊர்ப் பகுதிக்குத் தன்னார்வலர் வருகிறாரா என்று விசாரித்து, பேரைச் சேர்க்க உதவுங்கள். கால் வீக்கம், இருமல் என்று சொன்னால் "நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட வேற மாத்திரை கேளுங்க" என்று சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போங்கள், கேட்கத் தயங்குவார்கள். உங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் பி.பி. மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மருந்தும் அளவும் ஆளுக்கு ஆள் வேறு.

இடையில் விட்டுவிட்டுத் திரும்பி ஆரம்பிக்கிறவர் யாராவது தெரிந்தால், ஏன் விட்டீர்கள் என்று மட்டும் தொடங்க வேண்டாம். திரும்ப வந்ததே பெரிய விஷயம்.